கனகாம்பரத்துக்கு இரண்டு நிறம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மகன் முரளி வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ப்ரௌசரை ஏற்றினான். அதிலும் என் பழைய ப்ரௌசரிலும் ஒரே படத்தைத் திறந்து, அருகருகே வைத்தான்.

"அப்பா, இங்க பாருங்க."

புதியதில் கனகாம்பரம் அப்போதுதான் பூத்ததுபோல் ஜொலித்தது. பழையதில் மூன்று நாள் வாடிய பூ. ஒரே படம்... ஒரே திரை!



படத்தை எடுத்தவள் என் மனைவி சாந்தா. கேம்ப் கடைத்தெருவில், மராத்தியில் 'ஆபோலி' என்று கேட்டு வாங்கிய கனகாம்பரச் செடி, எங்கள் கோர்படி வீட்டு பால்கனியில் பூத்தபோது, சில மாதம் முன்பு எடுத்தது. கேமராவோடு வந்த புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படித்து, நிறத்துக்கான ஏதோ செட்டிங்கைக்கூட மாற்றியிருந்தாள். இணையத்தில் ஒரு பூப்படப் போட்டி. அதற்கு அனுப்ப ஆசைப்பட்டு, இணைய ஆல்பத்தில் ஏற்றிவிட்டு, என்னைக் கூப்பிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில், அந்தப் பழைய ப்ரௌசரில் காட்டினாள்.

"என்ன சாந்தா, வாடினப்புறம் எடுத்தியா?"

"இல்லீங்க... முரளி லேப்டாப்ல பார்த்தேனே, அப்படியே நம்ம பூ மாதிரி இருந்துதே?"

"உனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சில்ல? அதான் எல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

சொன்னது யார்? கசார்வாடியில் ஒரு பெயின்ட் கம்பெனியில் முப்பது வருடம், நிறம் சரியா என்று ஷேடு பார்த்தவன். டப்பா டப்பாவாக 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று தீர்ப்பு எழுதியவன். வீட்டிலும் எழுதிவிட்டேன். கேமரா பீரோவுக்குள் போனது. போட்டியின் கடைசித் தேதியும் போனது.

முரளி விளக்கினான். "இந்த நிறத்தை எப்படிக் காட்டணும்னு படத்துக்குள்ளயே ஒரு குறிப்பு இருக்குப்பா. புதுசு அதைப் படிக்கும். உங்க பழசு படிக்காது. தனக்குத் தெரிஞ்சபடி காட்டிடும்."

அந்தப் பழசை எனக்கு நன்றாகவே தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அதுதான்.

"அம்மாகிட்ட சொல்லிடவா?"

"நானே சொல்றேன்டா."

சொல்லவில்லை. பதினோரு நாள்! செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். கீரை ஆய்ந்து கொடுத்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை. முப்பது வருட கௌரவம் குறுக்கே நின்றது.

பன்னிரண்டாம் நாள் சாந்தாவே கேட்டாள். "என்னங்க, கீரையெல்லாம் ஆயறீங்க? என்ன தப்பு பண்ணினீங்க?"

சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "போட்டி கிடக்கட்டும். நீங்க என் கண்ணைச் சொன்னதுல பயந்துபோய், கேம்ப்ல கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன்."

"எப்போ? தனியாவா?"

"பஸ்லதான். கண்ணு அருமையா இருக்குன்னார்."

"அன்னிக்கே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"என் கண்ணு சரின்னா உங்க கண்ணு தப்புன்னு ஆயிடுமே... அந்தக் கண்ணை வெச்சுத்தானே எங்களுக்கெல்லாம் சோறு போட்டீங்க. மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்."

நான் மறைத்தது எதற்காக, அவள் மறைத்தது எதற்காக...

மறுநாள் நானும் அதே டாக்டரிடம் போனேன். விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம்.

பின்னே குறை எங்கே என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.