ஆடும் புள்ளி

எங்கள் இருவர் வயலுக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லை டிராக்டர் பெயர்த்துப் போட்டுவிட்டது. பக்கத்து வயல்காரர் கப்பல் அதிகாரி, விடுமுறையில் கீழ்வேளூர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் சேறு படாமல் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தார். கப்பல் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் விடாமல் பதிந்து சராசரி எடுக்கும் மென்பொருளாம். போன விடுமுறையில் அதில்தான் கல்லின் இடத்தைப் பதிந்து வைத்திருந்தார்.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. “ஒரு குச்சிய நட்டுட்டு விடுங்க சார்” என்றேன்.

“புள்ளி ஆடுதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.”

“கப்பல்தான் ஆடும். வயல் எங்கங்க ஆடுது?”

“வயல் ஆடல. சாட்டிலைட் சொல்ற இடம் ஆடுது. அதான் சராசரி எடுக்குறேன்.”

சாயங்காலம் மென்பொருள் காட்டிய இடம் அவர் வயலுக்குள் இரண்டு முழம் தள்ளி இருந்தது. எனக்கு லாபம். “இது போதாதுங்க, நாளைக்கும் எடுக்கணும்” என்றார். ஆசாமியின் எண்ணம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அது என் வயலுக்குள் இரண்டு முழம் வந்தது. சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் திரையை விட்டுத் தலை நிமிராமல், “இதுவும் போதாதுங்க” என்றார்.

அவர் பேராசைக்காரராக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு, நடவையும் முடித்திருப்பேன்.