திரும்பப் பெற்ற மசோதா

விருத்தாசலத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாற்றம், விதவை பென்ஷன், ரேஷன் கார்டு என்று அடுத்தவர்களின் மனுக்களை அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. எனக்கென்று நான் அடித்தது ஒரே ஒரு மனு. என் கணவர் இறந்த பிறகு நஷ்டஈடு கேட்டு அடித்தது.

அவர் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் கல் அரைக்கும் இடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமும் காது மடலும் வெள்ளையாக இருக்கும். இருமல் வந்தது. காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனபோதுதான் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கக் கல்தூசி என்றார். அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்படியே ஒருநாள் போய்விட்டார். கான்ட்ராக்ட் ஆள்தானே என்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள்.

அந்த மனுவை எடுத்துக்கொண்டு எங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். அவர் யார், எந்தக் கட்சி என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. முதல்முறை ஜெயித்து வந்திருந்தார், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். மனுவை உதவியாளரிடம் தள்ளிவிடாமல் நின்றபடியே முழுதாகப் படித்தார்.

"இந்த மாதிரி இன்னும் எவ்வளவு பேருக்கு இருக்குதுங்கக்கா?"

"தெரியாதுங்க சார். யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கல."

சில மாதங்கள் கழித்து அவரே போன் செய்தார். "சட்டசபையில இத அரசாங்கம் இல்லாம நானே தனி உறுப்பினர் மசோதாவா கொண்டு வரப் போறேன்க்கா. பீங்கான் வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் வருஷா வருஷம் எக்ஸ்ரே. கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் நஷ்டஈடு. பாக்க வரீங்களா? பாஸ் வாங்கித் தரேன்."

கூட வர யாரும் இல்லை. ஒரே மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாக ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். சோதனையெல்லாம் முடித்துப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்கள். கீழே அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. எல்லாம் வெள்ளைச் சட்டைகள்.

அவர் எழுந்து கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். கல் அரைக்கும் வேலை, தூசி, இருமல், தவறான மாத்திரை என்று நான் மனுவில் எழுதியிருந்ததையே வரிசையாகச் சொன்னார். என் வீட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிய மனிதரை, "என் பகுதியில் ஒரு தொழிலாளி" என்று சொன்னார். மைக்கில் அதைக் கேட்டபோது வேறு யாரோ ஒருவருடைய துக்கத்தைக் கேட்பதுபோல இருந்தது. அமைச்சர் எழுந்து, அரசு இதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும், மாண்புமிகு உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இவர் காகிதத்தை மடித்தார். பிறகு, "அமைச்சரின் உறுதிமொழியை ஏற்றுத் திரும்பப் பெறுகிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சபை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பெண் காவலரிடம், "முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எதும்மா?" என்றாள்.

எழுந்து வெளியே வந்தேன். மகள் போனில் கேட்டபோது, "பேசுனாரு, நல்லாதான் பேசுனாரு" என்று மட்டும் சொன்னேன்.

அந்த உறுதிமொழிக்குப் பிறகு எதுவும் நடக்காமலே அடுத்த தேர்தல் வந்தது. அவருடைய ஐந்தாண்டுச் சாதனை மலரை அடித்து வடிவமைக்கும் வேலையை என் கடைக்கே கொடுத்தார். சபையில் கேட்ட கேள்விகள், கட்டிய பாலங்கள், திறந்த நிழற்குடைகள் எல்லாம் வந்தன. அந்த மசோதாவுக்கு ஒரு முழுப் பக்கம். அவர் எழுதிக் கொடுத்ததை விட நன்றாகவே அதை அமைத்தேன். சுற்றிலும் மெல்லிய கோடு போட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டிய நாளில், மத்தியான வேளையில், அவர் தனியாகக் கடைக்கு வந்தார். காரைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்.

"அக்கா, அந்த மசோதாப் பக்கத்த மட்டும் எடுத்துடுங்க."

"ஏன் சார்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த மலரு, நோட்டீசு, வண்டி, ஆளுங்களுக்குச் சாப்பாடு, எல்லாச் செலவும் பேட்டையில கம்பெனி வச்சிருக்கிறவங்கதான் பாக்குறாங்க. அவுங்க நேத்து வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. கட்சியில குடுக்குறது எதுக்கும் பத்தலக்கா. நான் என்ன பண்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நகர்ந்துகொண்டேன்.

"என்னால முடியாதுங்க சார். நீங்களே உக்காந்து எடுத்துடுங்க."

அவர் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் திரையில் இருந்தது. மவுஸைப் பிடித்தார்.

"எதை அழுத்தணும்க்கா?"

சொன்னேன். பக்கம் முழுவதையும் தேர்வு செய்யச் சொன்னேன், எழுத்துகள் நீல நிறமாயின. பிறகு எந்தப் பொத்தான் என்று சொன்னேன். அவர் விரலை அதன்மேல் வைத்தார். வெளியே யாரோ ஆதார் அட்டை ஜெராக்ஸ் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். அவர் அழுத்தினார். பக்கம் வெறுமையானது. அதில் நிழற்குடைத் திறப்பு விழாப் படத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று எழுந்து போனார். படத்தை நான்தான் போட்டேன். வேலை வேலைதானே.

அவ்வளவு செலவு செய்தும் அவர் தோற்றுப்போனார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. அலுவலகம் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்தது.

போன வருஷம் மகளைப் பார்க்கப் புறப்பட்டு ஜங்ஷனில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர்தான். தலை நரைத்திருந்தது. கூட யாருமில்லை, பையை அவரே மடியில் வைத்திருந்தார். முன்பெல்லாம் அவர் பிளாட்பாரத்தில் நின்றால் சுற்றி இருபது பேராவது நிற்பார்கள்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"இருக்கேன் சார். நீங்க?"

"இருக்கேன்." அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குச் சபையில வாபஸ் வாங்கியிருக்கக் கூடாதுக்கா. ஓட்டெடுப்புக்கு விடச் சொல்லியிருக்கணும். தோத்திருக்கும். ஆனா, தோத்துச்சுன்னாவது பதிவுல இருந்திருக்கும்."

எனக்கு ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை, குத்திக் காட்டவும் மனம் வரவில்லை.

அவர் கேட்டார்: "உங்க வூட்டுக்காரர் பேரு என்னக்கா? மனுவுல படிச்சேன், மறந்துட்டேன். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன்."

கணவர் உயிரோடிருந்த வரை நான் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம். இறந்த பிறகு படிவங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது சொன்னேன். வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் சொன்னேன். அவர் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். சென்னை வண்டி வந்தது. கும்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போனார்.

மறுநாள் பெங்களூரில் மகளிடம் சொன்னேன். அவள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கேட்டு என்னம்மா ஆவப் போவுது?" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே நின்று, "பேரச் சொன்னதும் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. ஒரு தரம் சொல்லிப் பாத்துக்கிட்டாரு."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனாள். பேச ஆளில்லாத அந்த வீட்டில், அவள் திரும்பி வரும் வரை நான் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.