கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லு

கல்முனையில் என் கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் உடைந்த ஃபோன்கள்தான். பழைய கம்பியூட்டர் வந்தால் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைப்பேன், வாய் வராது. உடம்பு அலுத்துப்போனாலும் இந்தப் பைத்தியம் விடுவதாயில்லை.

இந்த மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு, மாவடிப்பள்ளியிலிருந்து ஓர் உம்மா ஒரு பழைய கம்பியூட்டர் போர்ட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். மௌத்தான கணவர் உயிரோடிருந்தபோது அச்சகம் வைத்திருந்தவராம். கம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, அதிலிருந்த நினைவகச் சில்லுக்குள் பதித்திருக்கிறார். அவர் கையெழுத்தென்று வீட்டில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை.

"அந்த எழுத்த ஒருக்காக் காட்டுங்க மகன், போதும்."

நடுவில் சிறு கண்ணாடி ஜன்னல் வைத்த சில்லு. வெளிச்சம் உள்ளே போனால் பதித்தது மெல்ல மெல்ல அழிந்துவிடும். அதனால் ஜன்னலை ஸ்டிக்கரால் மூடிவைப்பார்கள். இதில் ஸ்டிக்கர் இல்லை.

வாசிக்கும் கருவியில் செருகினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை. ஒரு தடவை வாசித்ததை நம்புகிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். சில்லின் கால்களைத் துடைத்தேன். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். மங்கிய புள்ளிகள் சில அப்போதுதான் பிடிபடும். திரும்பத் திரும்ப வாசித்து, அதிகம் ஒத்துவந்ததை வைத்துக்கொண்டேன். கண் எரிந்தது. 'அ' முழுதாக வந்தது. 'க' பாதி. மற்றதெல்லாம் பூச்சி தின்ற துணி. விட்டுப்போன புள்ளிகளை நானே வைத்திருக்கலாம். ஆனால் அது என் எழுத்தாகிவிடும்.

அவர் திரையைத் தொட்டார். "அவர்ட 'அ' தான். வெள்ளம் கெடுத்துப்போட்டுது, என்ன? நான் கழுவி, ஊறின ஸ்டிக்கரையும் உரிச்சு, கூரையில நல்ல வெயில்ல காய வெச்சன்."

பாவம். எவ்வளவு பக்குவமாகச் செய்திருக்கிறார். எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

"ஓம் உம்மா, வெள்ளந்தான்."

அவர் முகம் தெளிந்தது. "அதான் நல்லாக் காயட்டும் எண்டு மத்தப் போர்ட்டக் கூரையால இன்னும் எடுக்கல்ல. அதுலயும் இதே எழுத்துத்தான். நேத்துத்தான் காயப் போட்டன்."

என் ஃபோனை அவர் பக்கம் நீட்டினேன்.

"உம்மா, நான் பொய் சொல்லிட்டன். கெடுத்தது வெள்ளம் இல்ல, வெயில். இப்பவே ஊட்டுக்குக் கதைங்க."

அவர் பாதிக் 'க'வைப் பார்த்தபடியே மகளுக்கு ஃபோன் எடுத்தார்.

"புள்ள, கூரையில இரிக்கிற வாப்பாட போர்ட்ட உள்ளுக்கு எடு."

மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல மகள், மழை இல்ல. நீ எடு."