ஆறாம் வகுப்பில் குறைந்த ஒரு தலை

பதினோரு வயதில் ஒரு டீச்சருடைய வேலையைக் காப்பாற்றியவள் நான். வெகுகாலம் அந்தப் பெருமையோடுதான் ஊருக்குள் நடமாடினேன்.

ஐந்தாவது முடித்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். விடிகாலையில் மல்லிகை பறிக்க வேண்டும், பொழுது ஏறினால் களையெடுக்க வேண்டும், மிச்ச நேரத்துக்குத் தம்பி இடுப்பில் இருப்பான். தலைமையாசிரியர் வீடு தேடி வந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "படிச்சுக் கலெக்டராவா ஆகப் போறா?" என்று கேட்ட அப்பா, மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்.

மறுவாரம், புதிதாக வேலைக்கு வந்திருந்த டீச்சர் வந்தார். என் படிப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"ஆறாம் வகுப்புல ஒரு தலை குறையுதுய்யா. இன்ஸ்பெக்டர் எண்ணிப் பாத்தா ஒரு போஸ்டை எடுத்துருவாங்க. கடைசியா வந்தவ நான்தான். சிறுமலைக்கு மாத்திட்டா, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

அப்பா ஆடிப்போய்விட்டார். மறுநாளே நான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்து எண்ணியபோது, எங்கே என்னை விட்டுவிடுவாரோ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். அவர் போன பிறகும், எந்த நேரமும் திரும்ப வருவார் என்று டீச்சர் அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் எனக்கு நல்ல காய்ச்சல். அப்பா என்னைச் சைக்கிள் கேரியரில் தூக்கி வைத்தார். "செத்த நேரம் தலையக் காட்டிட்டு வந்துரும்மா. அந்தம்மா பொழப்பு கெட்டுறக் கூடாது." கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் இறங்கிய என்னைப் பார்த்ததும் டீச்சர் அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

நானே டீச்சராகி அதே பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, அலமாரியைத் துப்புரவு செய்கையில் அந்த வருஷத்து வருகைப் பதிவேடு கிடைத்தது. என் பெயரைத் தேடி, ஆசையாக எண்ணினேன். நான் இல்லாமலேயே ஆறாம் வகுப்பில் வேண்டியதற்கு மேல் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். எந்தத் தலையும் குறையவில்லை.

மகளின் படிப்புக்கு மசியாத மனுஷன், இன்னொருத்தர் பிழைப்புக்கு மசிவார் என்று டீச்சருக்கு எப்படித் தெரிந்ததோ. அதற்காக, வாராத கஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் கையேந்தி நின்றிருக்கிறார். அவரை நினைக்காமல் இன்றைக்கும் நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதில்லை.

அன்றைக்கோ, கம்பளிக்குள்ளிருந்து அவரை அண்ணாந்து பார்த்து, "அழாதீங்க டீச்சர், அதான் நான் வந்துட்டேன்ல" என்று தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.