வெயிலில் நடந்த பனிக் காலணி

செல்வராசு போய்விட்டார் என்று அவர் மனைவி மல்லிகா திருத்துறைப்பூண்டியிலிருந்து கூப்பிட்டபோது மணாலியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. "மதியம் சாப்பிட்டுப் படுத்தாருங்க. எழுந்திருக்கல" என்றார். பிறகு, "நல்லவேளை, பனியில போகல. முகத்தயாவது பார்க்க முடிஞ்சுது" என்றார். எனக்கும் அழுகையோடு அந்த நிம்மதிதான் வந்தது.

அவரோடு பழகி, இன்று அவர் நினைவுக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு மல்லிகாவின் பயம் தெரியும். பனிச்சறுக்குக் காலணி செய்யும் கம்பெனியில் நானும் அவரும் சோதனை வேலை பார்த்தோம். புதிதாக வரும் இலேசான பூட்ஸை மாட்டிக்கொண்டு மலையேறி, சறுக்கி இறங்கி, எந்தப் பனிக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டும். குளிர்காலம் முடியும்வரை அந்த அம்மாள் போனைக் கீழே வைக்கமாட்டார்.

"ஏறும்போது கால்ல கிடக்கிறதே தெரியாது. இறங்கும்போதுதான் அது யாருன்னு தெரியும்" என்பார் செல்வராசு.

ஒருநாள் அது தெரிந்தது. உச்சியில் மாவாக இருந்த பனி, பாதி இறக்கத்தில் மேலே ஓடுபோல் உறைந்து கிடந்தது. என் பூட்ஸ் அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கியது. கணுக்கால் வளைந்து விழுந்தேன். நானும் வயல்காட்டுக் கூத்தாநல்லூர்க்காரன்தானே, பதற்றத்தில் சேற்றில் மாட்டிய செருப்பைக் கழற்றுவதுபோல் கொக்கிகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டேன்.

"பாய், அது நடவு வயல் இல்ல. கழட்டினா விரல் போயிரும். கொக்கிய இறுக்குங்க, குறுக்கால நின்னு நின்னு வாங்க" என்று செல்வராசு கத்தினார். பத்து விரலோடும் கீழே வந்தேன். "மாவுப் பனிக்கும் இளகின பனிக்கும் நல்லாருக்கு, ஓடு கட்டின பனிக்கு ஆகாது" என்று கம்பெனிக்குச் சொன்னவர், என்னைப் பல வருஷம் கேலி செய்தார்.

அவர் அப்பா கூலி விவசாயி. நிலச் சண்டை நடந்த காலத்தில் மிராசுதார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனவர். சட்டமும் ஆட்சியும் மாறியும் அந்தக் கை மாறவில்லை. ஒரு சித்திரை விடுப்பில் செல்வராசு இந்தப் பனி பூட்ஸை மாட்டிக்கொண்டு அதே தெருவில் சிமெண்ட் ரோடு அதிர நடந்தார். அப்பா தெருமுனையில் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாராம். மிராசு வீட்டுப் பெரியவர் வாசலுக்கு வந்து, "ஏம்ப்பா, இந்த வெயிலுக்குப் புழுங்கலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாராம்.

மல்லிகா அந்த பூட்ஸை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அதைவிட, மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் செல்வராசு சொன்னதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

"பெரியவரு உள்ள போனதும் அப்பா செருப்பக் கீழ போட்டு மாட்டிக்கிட்டாரு பாய். நான் நடந்த சத்தத்தவிட அந்தச் சத்தந்தான் பெருசா கேட்டுச்சு."