மருமகள் போட்ட சத்தம்

கொரோனா அடங்கி, எல்லாரும் பழையபடி வெளியே நடமாட ஆரம்பித்திருந்த வருஷம். போடிநாயக்கனூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிற எங்கள் வீட்டில்தான் இது நடந்தது.

என் மகனுக்கு பின்லாந்தில் வேலை. அந்த ஊர்ப் பெண்ணையே விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். ஆபீஸ் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம் என்று ஆனதும், "ஒரு வருஷம் போடியில போய் இருப்போமே" என்று கேட்டது அவன் இல்லை, என் மருமகள்தான். அவள், குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். ஒரு மேஜையும் ஜன்னலும் இருந்தால் அவளுக்குப் போதும். குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும், அத்தை மாமாவோடு இருந்து பழக வேண்டும் என்று, மகனிடம் கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டு ஆசை ஆசையாகத்தான் வந்தாள்.

வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலையிலேயே எங்கள் தெரு தன்னைக் காட்டிவிட்டது.

தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்ளும் ஜீப் எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். டிரைவர் ஹார்னில் கை வைத்தால் எடுக்க மாட்டார். ஏறி உட்கார்ந்துவிட்ட பெண்கள், வராதவர்களைத் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். "ஏ ஆத்தா, வெரசா வா! சீக்கிரம் வாங்கடி!" அது ஓய்வதற்குள் கோயில் மைக் செட். அப்புறம் கீரைக்காரம்மா, பிளாஸ்டிக் குடம் விற்கிற வண்டி, என் மிக்சி. எல்லாவற்றுக்கும் மேலே என் குரல். எதிர்வீட்டுக்காரியும் நானும் அவரவர் அடுப்படியில் நின்றுகொண்டே நடுவில் ரோடு இருக்கிற நினைப்பே இல்லாமல் பேசிக்கொள்வோம். என் வீட்டுக்காரரோ, குளிக்கப் போனால் ஏலக்காய் விலையில் ஆரம்பித்து மந்திரிகள் வரை எல்லாரையும் உரக்கத் திட்டிக்கொண்டே குளிக்கிறவர். அவர் வெளியே வருகிற வரை வீடே பொதுக்கூட்டம்தான்.

மருமகள் காதில் பஞ்சோடு மாடிப்படியில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் தூக்கம் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். ராஜாக்காட்டில் இருக்கிற என் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மலையில் சிக்னல் சரியாக இருக்காது என்பதால் எப்போதும் கத்தித்தான் பேசுவேன். மாடியிலிருந்து மருமகள் ஓடி வந்து, முகமெல்லாம் வெளிறிப் போய், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது, கொடுத்துவிட்ட பலாப்பழம் வந்து சேர்ந்ததா என்றுதான்.

அன்றைக்குச் சாயந்திரம் மகன் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னான். "அம்மா, அவங்க ஊர்ல ஞாயித்துக்கெழம சுவத்துல ஆணிகூட அடிக்க மாட்டாங்க. பஸ்ல போனாப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்குற மாதிரி பேச மாட்டாங்க. ஒருத்தர் காதுக்குத் தொந்தரவு குடுக்காம இருக்கறதுதான் அங்க மரியாதை. அவ ஒண்ணும் கொற சொல்லல. நான்தான் ஒங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. அப்படியென்றால் நாங்கள் மரியாதை தெரியாதவர்களா? ராத்திரி படுத்து யோசித்தபோது மனசு மாறியது. அவ்வளவு தூரத்திலிருந்து நம்மை நம்பி வந்த பிள்ளை. தூங்காமல் கண்ணைச் சுற்றிக் கருத்துப் போய்க் கிடக்கிறது. நம் வீட்டில் இருக்கிறவரை அது நிம்மதியாக இருக்க வேண்டாமா?

மறுநாளே வேலையில் இறங்கினேன். மிக்சியைக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அரைக்கும்போது அந்தக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வேன். ஜீப் டிரைவரிடம், "அண்ணே, நம்ம வாசல்ல மட்டும் ஹார்ன் அடிக்காதீங்க, மருமக தூங்குது" என்று கேட்டுக்கொண்டேன். கீரைக்காரம்மாவைக் கூவாமல் கதவைத் தட்டச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரிக்குக் கையால் ஜாடை காட்டப் பழகினேன். வீட்டுக்காரர் டி.வி.யின் சத்தத்தை அணைத்துவிட்டு வாயசைவைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொண்டார். குளிக்கும்போதும் கப்சிப். "பேசாமக் குளிச்சா குளிச்ச மாதிரியே இல்லடி" என்று என் காதில் முணுமுணுத்தார். ஆனாலும் மருமகளுக்காகப் பொறுத்துக்கொண்டார்.

வீடு அடங்கிவிட்டது. ஆனால் மருமகள் தெளியவில்லை. முன்னைவிட வாடிப் போனாள். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருந்தது. நான் அடுப்படிக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பாள். எதையோ கேட்க வாயெடுத்து மூடிக்கொள்வாள். இன்னும் ஏதோ சத்தம் அவளைப் படுத்துகிறது என்று நினைத்து, நான் செருப்பைக் கழற்றி வைப்பதைக்கூட மெதுவாகச் செய்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மத்தியானம் வந்தது.

மகன் ஏலக்காய்ப் பறிப்பைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்கிறவர். அன்றைக்கு ஊசி போட்டுவிட்டு, "ஒரே கசகசப்பா இருக்கு, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துர்றேன்" என்று குளிக்கப் போனார். நான் துவையல் அரைக்கக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மருமகள் மாடியில் வரைந்துகொண்டிருந்தாள்.

குளியலறைக்குள் அவருக்குச் சர்க்கரை இறங்கி, கண் இருட்டி, சுவரோரமாகச் சரிந்து விழுந்துவிட்டார். குரல் எழும்பவில்லை. கைக்கு எட்டிய பிளாஸ்டிக் கப்பை எடுத்து வாளியில் தட்டியிருக்கிறார். அதுவும் பலமில்லாத தட்டு. பழைய நாளாக இருந்திருந்தால் அவர் பேச்சு பாதியில் நின்றதுமே எனக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவர் பேசாமல் குளிப்பதுதானே வழக்கம்? மிக்சி ஓடுகிற கொட்டகைக்குள் எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

கேட்டது அவளுக்குத்தான். மாடியில், மூடிய கதவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, வாளியில் கப் படுகிற அந்தச் சின்னச் சத்தம் சரியில்லை என்று அவள் காதுக்குப் பட்டிருக்கிறது. சின்ன வயசிலிருந்து அமைதியிலேயே வளர்ந்த காது. கீழே இறங்கி வந்து "மாமா, மாமா" என்று கதவைத் தட்டியிருக்கிறாள். பதில் இல்லை. உள்தாழ்ப்பாள். என்னைத் தேடிக் கொல்லைப்பக்கம் ஓடிவந்து கொட்டகைக் கதவை அடித்திருக்கிறாள். மிக்சி ஓடுகிறது, எனக்குக் காதில் விழவில்லை.

உடனே வாசலுக்கு ஓடினாள்.

துவையல் அரைபட்டு மிக்சியை நிறுத்திய நிமிஷம் எனக்குத் தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது. தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கூப்பாடு. யார் குரல் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எந்த வீட்டில் என்ன ஆபத்தோ என்று பதறி முன்னால் ஓடி வந்தால், நடுத்தெருவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டு என் மருமகள் கத்துகிறாள்.

"ஏ ஆத்தா! வெரசா வாங்க! மாமா! வெரசா வாங்க!"

தினமும் விடியற்காலையில் அவள் தூக்கத்தைக் கெடுத்த அதே வார்த்தைகள். ஆபத்துக்கு அவளுக்குத் தெரிந்த தமிழ் அதுதான்.

தெரு மொத்தமும் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு வந்தாள். அரைநாள் வேலை முடிந்து வந்த பெண்களை இறக்கிவிடத் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த ஜீப் அப்படியே ரிவர்ஸில் வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்து தாழ்ப்பாளை நெம்பினார். உள்ளே என் வீட்டுக்காரர் வேர்த்துக் கொட்டி, கண் சொருகிக் கிடந்தார். ஜீப்பில் வந்த ஒரு பெண், "ஆத்தா, எங்க அப்பனுக்கும் இப்படித்தேன் வரும், சீனி கொண்டா" என்று வாங்கி, அவர் கன்னத்துக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். தூக்கி ஜீப்பில் ஏற்றினோம்.

பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒரு லோடு வண்டி குறுக்கே நின்றது. டிரைவர் என்ன நினைப்பில் இருந்தாரோ, ஹார்ன் அடிக்காமல் கையை ஆட்டி ஆட்டி அதை விலகச் சொன்னார். பின்சீட்டில் மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மருமகள் எட்டி அவர் தோளில் தட்டினாள். "அண்ணே, ஹார்ன்! ஹார்ன் அடிங்க!"

அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் கையை எடுக்கவே இல்லை.

குளுக்கோஸ் ஏறியதும் வீட்டுக்காரர் கண் திறந்தார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது.

"அத்தை, சாரி. நான் தெருவுல ரொம்ப சத்தம் போட்டுட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் தாயி, நீ சத்தம் போடலேன்னா இன்னிக்கி நான் என்ன ஆயிருப்பேன்!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அத்தைக்கு என் மேல கோவம் இல்லையா?"

"எதுக்குத் தாயி கோவம்?"

"யாரும் பேசல. ரொம்ப நாளா யாரும் பேசல."

அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. தகவல் கேட்டுத் தோட்டத்திலிருந்து பதறி வந்த மகன்தான், அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சொன்னான். அவளுக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும்போது அவள் அப்பா வீட்டை விட்டுப் போயிருக்கிறார். அதற்கு முன்னால் அந்த வீட்டில் சண்டையே நடக்கவில்லையாம். பேச்சுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாம். தட்டில் ஸ்பூன் படாமல் சாப்பிட்டார்களாம். அமைதியில் நிம்மதியான அமைதி ஒன்று, ஆள் வேண்டாம் என்கிற அமைதி ஒன்று, இரண்டும் அவளுக்குத் தெரியும். அவ்வளவு கலகலப்பான எங்கள் வீடு திடீரென்று வாயை மூடிக்கொண்டதும், தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று முந்தின நாள்தான் மகனிடம் கேட்டாளாம்.

"அடப் பாவமே, ஒனக்காகத்தான் எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்!" என்றேன். மகன் அதை அவள் பாஷையில் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள், உள்ளே படுத்திருந்த மாமாவை எட்டிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவர் வீட்டுக்கு வந்தபிறகு எல்லாருமாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடக்கூடாது, அது அவளுக்கு. மற்ற நேரம் எங்களுக்கு. குளியலறையில் தாழ்ப்பாள் போடக்கூடாது, பேச்சை நிறுத்தக்கூடாது என்று மாமாவுக்கு உத்தரவு போட்டது அவள்தான். ஊருக்குக் கிளம்புவதற்குள் எந்தக் கத்தல் கோபம், எந்தக் கத்தல் "சாப்பிட்டியா" என்று அவளுக்குப் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டது.

போன வருஷம் பேத்தி பிறந்தபோது நாங்கள் பின்லாந்துக்குப் போயிருந்தோம். அங்கே நான்தான் வெளிநாட்டுக்காரி. அந்த அமைதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. என் இருமலே எனக்கு இடி மாதிரி கேட்டது. அவ்வளவு வீடுகள் இருக்கிற கட்டடத்தில், யாரும் வந்து குழந்தையை எட்டிப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன மனுஷர்களோ என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் குப்பையைக் கொட்டக் கதவைத் திறந்தேன். வெளியே கடும் பனி. மேல்வீட்டில் இருக்கிற வயசான அம்மா படியேறி வந்துகொண்டிருந்தார். காலில் வெறும் சாக்ஸ். கனமான பனி பூட்ஸ் இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். எங்கள் வீட்டுக் கதவைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துக் குழந்தை தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்துக் காட்டினார். ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், அந்தச் சில்லிட்ட படியில் மெதுவாக மேலே ஏறிப் போய்விட்டார்.

மருமகளிடம் சொன்னபோது, "கொழந்த வந்த நாள்லருந்து அவங்க அப்படித்தான் அத்தை ஏறிப் போறாங்க" என்றாள்.

இப்போது யாராவது என்னிடம், வெளிநாட்டுக்காரர்கள் மனுஷரோடு ஒட்டாதவர்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் பக்கத்தில் நாலு தெருவுக்குக் கேட்கும்படி காட்டுகிற பிரியத்தை, அவர்கள் நம் காதில் விழாமல் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.