பெரிய நாய்க்கு ஒரு சட்டை

என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போன வருடம், அவருடைய தம்பி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டார்.

"தனிய இருக்கிறீங்க மச்சாள். குரைக்க ஒண்டு கிடக்கட்டும்" என்றார்.

தாய் ரொட்வைலர் சாதி, தகப்பன் யாரென்று தெரியாது. ஒரு வருடத்துக்குள் அது முன்கால்களைத் தூக்கி என் தோளில் வைத்தால், அதன் தலை என் தலைக்கு மேலே நிற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நான் ஒல்லியானவள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல் வட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைப்பது என் தொழில். துணி கொடுக்க வருகிற பெண்கள் வேலிக்கு வெளியே நின்று, "நாயைப் பிடிச்சிருக்கிறயாகா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பலத்தால் அதை அடக்க முடியாது என்பது எனக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. நான் கயிற்றை இழுத்தால் அது இன்னும் பலமாக இழுத்தது. அதனால் இழுப்பதை விட்டேன். அது இழுத்தால் அப்படியே நிற்பேன். கயிறு தளர்ந்தால் மட்டும் நடப்பேன். ஒரு தெருவைக் கடக்கவே காலை முழுவதும் போன நாட்களும் உண்டு. சோறு வைக்கும் முன் அதன் காதைப் பிடித்துப் பார்ப்பேன், வாயைத் திறப்பேன், பாதங்களைத் தடவுவேன். உண்ணி பார்க்கத்தான் அப்படிப் பழக்கினேன். அதைக் கூப்பிட எனக்கு வாயில் வந்தது, மகனே என்பதற்கு எங்கள் பக்கம் சொல்கிற "மனே" என்பதுதான்.

அறுவடைக் காலத்தில் ஒரு காலை, வட்டைப் பக்கம் பன்றி உறுமும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நாய் தானாகவே நடந்து வந்தது. வலப்பக்க விலாவில் தோல் ஒரு கையகலம் கிழிந்து தொங்கியது. அது முனகக்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வலியில் இருக்கிற நாய் வளர்த்தவளையும் கடிக்கும். வெட்டி வைத்திருந்த துணியில் நீளமாக ஒரு பட்டி கிழித்து, அதன் வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்கி, காதுக்குப் பின்னால் முடிந்தேன். சுத்தமான துணியை உப்புநீரில் நனைத்துக் காயத்தில் வைத்து, மேலே கட்டில் விரிப்பைச் சுற்றினேன். செட்டிபாளையத்தில் இருக்கும் கணவரின் தம்பிக்குப் போன் எடுத்து, வாவியின் மறுகரைக்கு ஓட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன். இவ்வளவு பெரிய நாயை வேறு யாரும் ஏற்றமாட்டார்கள்.

துறை எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் நின்ற ஒருவர், "இதையும் ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டார்.

"கடிக்காது எண்டு நான் சொல்லமாட்டன் அண்ணன். வாய் கட்டிக் கிடக்கு, கயிறு என்ர கையில கிடக்கு. நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க, போதும்" என்றேன்.

அவர் நகர்ந்தார். எஞ்சின் முழங்கியபோது நாய் நடுங்கி, என் முழங்கால்களுக்கிடையில் தலையை நுழைத்துக்கொண்டது. மறுகரை வரும்வரை அப்படியே நின்றது.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். நாயைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருந்தெல்லாம் நிறைக்குத்தான் அக்கா. சின்ன நாய்க்கு ஒரு ஊசி எண்டா, இவருக்கு நாலு."

"மறைக்க ஒண்டுமில்ல டொக்டர். அவர் காசு அனுப்ப இன்னும் நாள் கிடக்கு. இண்டைக்குக் கட்டாயம் செய்யவேண்டியது எது, நான் வீட்டில செய்யக்கூடியது எது எண்டு பிரிச்சுச் சொல்லுங்க."

அவர் கோபிக்கவில்லை. நெஞ்சில் குழலை வைத்து நிதானமாகக் கேட்டார்; காயத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தார். "உள்ளுக்குப் போகல்ல. எக்ஸ்ரே படம் எடுக்கிறதைப் பிறகு பார்க்கலாம். தையலும் ஊசிகளும் விட ஏலாது. இங்க வச்சுப் பார்க்கிறதுதான் பெரிய செலவு. மருந்து கட்டுறத நீங்க செய்வீங்களெண்டா அது மிச்சம். ஆனா ஒரு நாளும் தவறக்கூடாது."

"தவறமாட்டன்."

"அசையாமப் பிடிச்சா லேசான மயக்கமும் மரக்கிற ஊசியும் போதும். அசைஞ்சா முழு மயக்கம் குடுப்பன். அப்ப காசு பார்க்க ஏலாது."

"சரி."

ஒரு கையை அதன் கழுத்துக்குக் கீழே கொடுத்து, தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். "கிட மனே, கிட" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது கிடந்தது. தையல்காரி என்பதால் என் கண் ஊசியை விட்டு அகலவில்லை. கீழ் மூலையில் ஓர் இடைவெளி விட்டு, அதில் ஒரு றப்பர்க் குழாயை வைத்தார்.

"அதை ஏன் தைக்காம விடுறீங்க?"

"ஊறுற தண்ணி வெளியில போகவேணும். முழுக்க மூடினா உள்ளுக்க சீழ் கட்டும்."

பாதிக் காசைக் கட்டினேன். மிச்சத்தைக் கட்டார்க் காசு வந்ததும் தருவதாகச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆனால் காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பு அதன் அளவில் அவரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து, மிஞ்சிய வெள்ளைச் சட்டைத் துணியில் நாய்க்கு ஒரு சட்டை தைத்தேன். முடிச்சுகளை அதன் வாய் எட்டாதபடி முதுகில் வைத்தேன். எனக்கு ஒரே பெருமை. மத்தியானத்துக்குள் சட்டையின் வயிற்றுப் பக்கம் நனைந்து நாறியது. படம் எடுத்து டொக்டருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார், சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"அக்கா, அது ஆம்பிளை நாய்! வயித்துப் பக்கம் பின்னுக்கு நல்லா வெட்டிவிடுங்க."

வெட்டித் தைத்த இரண்டாவது சட்டை சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் சின்னக் கசிவும் உடனே தெரிந்தது. ஒரு நாள் கசிவு மஞ்சளாகி மணத்தது. அன்றைக்கே பாதை ஏறினேன். குழாய் அடைத்திருந்தது, டொக்டர் அதைக் கழுவி, ஓர் ஊசியோடு அனுப்பினார். பிந்தியிருந்தால் திரும்பவும் பிரித்துத் தைத்திருக்க வேண்டும் என்றார்.

தையல் வெட்டப் போன நாளில் டொக்டர் சட்டையைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி வேற அளவுகளிலயும் தைச்சுத் தருவீங்களா? கர்ப்பத்தடை ஒப்பரேசன் செய்யிற நாய்களுக்கும் உதவும்" என்றார். நான் தர வேண்டிய மிச்சக் காசு அந்தச் சட்டைகளிலேயே கழிந்தது. இப்போதும் தைத்துக் கொடுக்கிறேன். என் நாயின் தடுப்பூசிச் செலவுக்கு நான் கட்டார்க் காசைத் தொடுவதில்லை.

போன மாதம் ஒரு பூனைக்குச் சட்டை கேட்டார்கள். இரண்டு பேர் பிடித்தும் அளவெடுக்க முடியவில்லை. என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறிவிட்டு, அது அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணளவில்தான் தைத்துக் கொடுத்தேன்.